நாலாவது தடவை

வெள்ளையம்மாள் வீட்டு டேப் ரெக்கார்டர் கேசட்டைத் தின்றுவிட்டது. மகன் பெரியதம்பி ஷார்ஜாவிலிருந்து அனுப்பிய பெட்டி அது. உள்ளே ஓடியதோ அவன் இருமல் இருந்த கேசட். இருமல் வர இரண்டே நிமிஷம் இருந்தது. அதற்குள் நாடா சிக்கிக்கொண்டது.

கேசட்டை மண்டகப்பட்டுக்குக் கொண்டுவந்தவன் கோட்டக்குப்பம் சனாவுல்லா. ஷார்ஜாவில் இருவருக்கும் ஒரே அறை. பெரியதம்பி கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து செத்து ஏழு மாதம் ஆகிறது. மற்றவர்கள் எல்லாம் குரலைப் பதிந்து வீட்டுக்கு அனுப்புவார்கள். அவனுக்கு மட்டும் வெட்கம், நாளைக்கு நாளைக்கு என்று தள்ளியே போட்டான். மிஞ்சியது ஒரு வெள்ளைக்காரக் குழுவின் பாட்டுத் தொகுப்புதான். தாளம் முதல் எல்லாமே மிஷின். தங்கள் பாட்டுகளையே நீட்டியும் கலைத்துப் போட்டும் திரும்பப் பாடி, இசைத்தட்டின் பின்பக்கத்துக்கு ஒதுக்கியவற்றையும் சேர்த்திருந்தார்கள். இருவரும் அதைப் பக்கத்து அறைக்காரனிடம் இரவல் வாங்கி, இரண்டு டேப் ரெக்கார்டரை எதிரெதிரே வைத்துப் பதிவு பிடித்தார்கள்; அறையில் எழும் சத்தமும் சேர்ந்தே பதியும். ஒரே பாட்டு நாலாவது தடவை வந்தபோது பெரியதம்பி இருமிவிட்டு, "சத்தம் போடாதன்னு சொல்லிட்டு நானே இருமிட்டேன்டா" என்றான். அவன் உலகத்தில் விட்டுப்போன குரல் அவ்வளவுதான்.

சனாவுல்லாவுக்குத் திரும்பிப் போக வெள்ளிக்கிழமை விமானம். திங்களன்றே விழுப்புரம் ஸ்டேஷன் ரோட்டில் முருகையனின் ரெக்கார்டிங் கடையில் கேசட்டைச் சரிபண்ணக் கொடுத்தான். செத்தவன் பேச்சைக் கடை வாசலில் எடுக்க அவனுக்கு வாய் வரவில்லை. பாட்டு ஒன்றும் போகக் கூடாது என்று மட்டும் சொன்னான். அந்த வாய் கொஞ்சம் திறந்திருக்கலாம்.

முருகையன் தொழிலில் சுத்தக்காரன். வினையே அதுதான். புதன்கிழமை போனபோது கேசட்டைப் பளபளவென்று துடைத்து வைத்திருந்தான்.

"ஒரே பாட்டு நாலு தபா இருந்துச்சு பாய். சொன்னதையே சொல்லிக்கினு இருக்குது. எவனோ தப்பா புடிச்சிருக்கான். நல்லதா ஒண்ண வுட்டுட்டு மீதி மூணையும் வெட்டிட்டேன். கடைசியில இருமல் வேற."

சனாவுல்லாவுக்குக் கோபப்படக்கூடத் தோன்றவில்லை. நண்பனின் கதையைச் சொல்லி, வெட்டிய நாடா எங்கே என்று கேட்டான். திண்டிவனம் ரோட்டில் கம்பு பயிரிட்டிருக்கும் அப்பாதுரை, குருவி விரட்ட வாங்கிப் போயிருந்தார். முருகையன் கடையைச் சாத்திவிட்டு சைக்கிளை எடுத்தான்.

கம்பங்கொல்லையில் கழிக்குக் கழி நாடா கட்டியிருந்தது. எட்டு வரிசை. காற்றடித்தால் எட்டும் ஒரே மாதிரி முனகின. எதில் இருமல் இருக்கிறதென்று பார்த்தா தெரியும்? எட்டும் வேண்டும் என்றார்கள். அப்பாதுரை முடியாது என்றார். கதிர் பால் பிடிக்கிற நேரம், நாடாவை அவிழ்த்தால் குருவிக் கூட்டம் ஒரே நாளில் காலி பண்ணிவிடும் என்றார். அவர் சொன்னதிலும் தப்பில்லை.

"எங்கூட இருந்தவன் கொரலு இதுல இருக்குதுண்ணே. அவங்கம்மா ஒரு தபா கேக்கணும்" என்றான் சனாவுல்லா.

அப்பாதுரை தானே முதல் முடிச்சை அவிழ்த்தார். எட்டாவது வரிசையும் கைக்கு வந்ததும், ஒரு தகரத்தை எடுத்துக்கொண்டு கொல்லை ஓரத்தில் தட்ட நின்றுவிட்டார்.

முடிச்சு விழுந்த இடங்களை வெட்டி எறிந்துவிட்டு, முருகையன் மிச்சத்தை ஒட்டினான். காசு வாங்கவில்லை. வியாழக்கிழமை தன் கடைப் பெட்டியையே தூக்கிக்கொண்டு சனாவுல்லாவோடு மண்டகப்பட்டுக்கு வந்தான்.

பாட்டு திக்கித் திக்கி ஓடியது. வெள்ளையம்மாள் பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இருமல் வந்தது. "சத்தம் போடாதன்னு சொல்லிட்டு நானே" என்றான் பெரியதம்பி. மீதி முடிச்சோடு போயிருந்தது. மிஷின் தாளம் தொடர்ந்தது.

அவள் அழவில்லை. "இன்னொரு தபா போடுப்பா" என்றாள்.

முருகையன் போட்டான்.

"இன்னொரு தபா."

அதையும் போட்டான். நாலாவது தடவைக்கு அவள் கேட்க வேண்டியிருக்கவில்லை. முருகையன் தானாகவே நாடாவைப் பின்னால் ஓட்டிக்கொண்டிருந்தான்.