சிக்னல் எட்டாத அறை

அப்பாவைத் தூக்குவதற்கு முன்னால் சோபாவைத் தூக்கினார்கள். "மெதுவா, கால் உடைஞ்சிரும், மெதுவா" என்று அத்தான் சோபாவுக்காகப் பதறினார். அதைச் சுவரோரம் தள்ளி ஹாலில் இடம் பண்ணிய பிறகு, கையைத் துடைத்துக்கொண்டு அப்பாவின் அறைக்கு வந்தார்.

சின்னவள் வாசலை மறித்து நின்றாள்.

"அசைக்கக் கூடாதுன்னு நர்ஸ் சொல்லியிருக்காங்க அத்தான்."

"சிக்னல் இங்க வரலையே, நான் என்ன பண்றது?"

"அப்ப அந்த நெட் பெட்டியை இங்க கொண்டாந்து வைங்க."

அத்தான் அக்காவைப் பார்த்துச் சிரித்தார். குழந்தை நிலாவைக் கேட்டால் பெரியவர்கள் சிரிப்பார்களே, அந்தச் சிரிப்பு.

"ஃபிட் பண்ணினா பண்ணினதுதான். அதையெல்லாம் நகத்தக் கூடாதும்மா."

பெட்டியை நகர்த்தக் கூடாது. அப்பாவை நகர்த்தலாம்.

பெட்டி காலையில்தான் வந்திருந்தது. வெளிநாட்டில் இருக்கிற அண்ணன் அங்கிருந்தபடியே ஏற்பாடு செய்திருந்தான். லீவு கிடைக்கவில்லை என்று போன் செய்ய மட்டும் அவனுக்கு எப்போதும் நேரம் கிடைத்தது. இரண்டு உயரமான கட்டடங்களுக்கு நடுவே இந்த வீடு யானைகளுக்கு இடையில் சிக்கிய பூனை மாதிரி இருந்ததால், போனில் படம் சரியாக வராது. அண்ணனின் முகம் கட்டம் கட்டமாகச் சிதறும். வாய் அசைந்து முடிந்த பிறகு குரல் வரும். "அப்பாவை ஒரு தடவை நேருக்கு நேர் பாக்கணும். வீட்டுக்கு நெட் போட்டுடலாம்" என்றான். பக்கத்தில் படுத்திருந்த அப்பாவுக்கு அது கேட்டுவிட்டது.

"நேருக்கு நேர் பாக்கிறதுக்குப் ப்ளேன்னு ஒண்ணு இருக்கே, அவனுக்கு யாரும் சொல்லலையா?"

அப்பா பஸ் டிரைவராக இருந்தவர். கட்டிலை ஒட்டிய ஜன்னலுக்கு வெளியே ரோடு மேடேறி வளையும். அங்கே ஏறுகிற ஒவ்வொரு பஸ்ஸுக்கும் கண்ணை மூடிக்கொண்டே, சத்தத்தை வைத்துத் தீர்ப்பு சொல்லுவார். "ரெண்டாவது கியர்ல ஏத்த வேண்டியதை மூணாவதுல ஏத்துறான் பாரு, மண்டையில மண்ணு." உடம்பில் மற்றதெல்லாம் ஓய்ந்த பிறகும் அந்த இளக்காரம் மட்டும் ஓயவில்லை. அவர் சின்னவளிடம் கேட்டுக்கொண்டது ஒன்றுதான்: "என்னை இந்த ஜன்னலை விட்டு எடுக்க விடாத." சரிப்பா என்று சொல்லியிருந்தாள்.

மருமகனுக்கு அவர் வைத்த பேர் நோட்டீஸ் போர்டு. "எல்லாத்தையும் ஒட்டி வெச்சிருப்பான். ஒண்ணுலயும் தேதி சரியா இருக்காது."

காலையில் நெட் போட வந்த ஆள் ஒரு காதில் போனை இடுக்கிக்கொண்டே வேலை செய்தான். பக்கத்துக் கட்டடத்தைப் பார்த்த ஹால் ஜன்னலின் சட்டத்தில் ஓட்டை போட்டு ஒயரை உள்ளே இழுத்தான். மோடத்தை எங்கே வைப்பது என்று கேட்டான். அத்தான் ஹாலில் இருந்த இரும்பு அலமாரியைத் திறந்து காட்டினார். முன்பக்கம் மட்டும் கண்ணாடி; மற்றப் பக்கமெல்லாம் தகடு. உள்ளே, விபத்தே இல்லாமல் ஓட்டியதற்கு அப்பாவுக்குக் கொடுத்த பித்தளைக் கேடயம் இருந்தது. அதைக் கொஞ்சம் தள்ளி, பின்னால் மோடத்தையும் ரூட்டரையும் வைக்கச் சொன்னார்.

"அலமாரிக்குள்ளயா சார்?"

"தூசி படாது. பாக்கவும் நீட்டா இருக்கும்."

"உங்க இஷ்டம்" என்று அந்த ஆள் ரூட்டரை உள்ளே தள்ளினான். சிவப்பாகக் கண்ணடித்த விளக்கு பச்சையானது. நெட்டுக்கு ஒரு பேர் வைக்கச் சொன்னபோது அத்தான் தன் பேரையே வைத்தார். வீடு அப்பாவுடையது. அக்கா ஒரு பின்னல் துணியைத் தேடி எடுத்து ரூட்டரின் மேல் போர்த்திவிட்டாள், அதற்குக் குளிருமோ என்னவோ.

சோதித்துப் பார்க்கச் சின்னவளின் போனைத்தான் வாங்கினார்கள். ஹாலில் நன்றாக வந்தது. அப்பாவின் அறைக்குள் கால் வைத்ததும் சிக்னல் கோடுகள் ஒவ்வொன்றாக அணைந்தன.

"சுவரு கெட்டி" என்று தீர்ப்பளித்தார் அத்தான். "அந்தக் காலத்துச் சுவரு."

"போன்ல மெசேஜ் வரும், அஞ்சு ஸ்டார் போட்டுடுங்க" என்று சொல்லிவிட்டு நெட் போட்ட ஆள் போய்விட்டான். உள்ளே ஒருவர் இழுத்து இழுத்து மூச்சு விடுவதை அவன் கேட்டானா என்று தெரியவில்லை. கேட்டிருந்தாலும் அது அவன் வேலை இல்லை.

கட்டில் கதவு வழியாக வராது. விரிப்போடு சேர்த்துத் தூக்கினார்கள். சின்னவள் வேறு வழியில்லாமல் தலைப்பக்கம் பிடித்துக்கொண்டாள். அவள் பிடிக்காவிட்டால் அத்தான் பிடிப்பார்.

"எங்க கொண்டு போறீங்க?"

"உங்க மகன் பேசப் போறாரு மாமா" என்றார் அத்தான், பரிசு கொடுப்பவர் போல.

ஹாலில் மெத்தை போட்டுக் கிடத்தினார்கள். ஒரு பக்கம் டிவி, ஒரு பக்கம் அலமாரி. அத்தானின் போனில் அண்ணன் வந்தான். முகம் தெளிவாகத்தான் இருந்தது. இவ்வளவு குண்டாகிவிட்டானா என்று சின்னவள் நினைத்தாள்.

"அப்பா, தெரியுதா? நான்தான்ப்பா."

அப்பா போனைப் பார்க்கவில்லை. எதற்கோ காது கொடுத்துக்கொண்டிருந்தார்.

"அத்தான், மூஞ்சி இருட்டா இருக்கு. கொஞ்சம் வெளிச்சத்துப் பக்கமா திருப்புங்களேன்."

அத்தான் அப்பாவின் தாடையைப் பிடித்துத் திருப்பினார். கடையில் முகம் பார்க்கிற கண்ணாடியை வெளிச்சத்துக்குத் திருப்புவது போல.

"வண்டி சத்தமே காணோமே" என்றார் அப்பா. "டிப்போல ஸ்ட்ரைக்கா?"

சின்னவள் குனிந்து அவர் காதருகே, "ஆமாப்பா, ஸ்ட்ரைக்கு" என்றாள்.

"நல்லது" என்றார். "ஓட்டத் தெரியாதவன் ஓட்டாம இருக்கிறதே நல்லது."

அதன் பிறகு அவர் பேசவில்லை. அத்தான்தான் பேசினார். எவ்வளவு வேகம் வருகிறது, எந்தத் திட்டத்தில் எடுத்தால் லாபம், பாஸ்வேர்டை எப்படி வைத்தால் பக்கத்து வீட்டுக்காரன் திருட முடியாது. அண்ணனும் கேட்டுக்கொண்டிருந்தான். இருவருக்கும் அது சுலபமாக இருந்தது. போன் மட்டும் மரியாதையாக அப்பாவின் பக்கம் திரும்பியிருந்தது.

சின்னவள் அவர் மார்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மேலே எழும்பியது. இறங்கியது. மறுபடி எழும்பும் என்று காத்திருந்தாள்.

"அத்தான், படம் நின்னுருச்சு போல" என்றான் அண்ணன். "அப்பா அசையவே இல்லை."

"அப்படியா? எனக்கு நீ நல்லாத்தான் தெரியறே."

"இல்ல, இங்க ஸ்டக் ஆயிருக்கு."

"இரு, ரீஸ்டார்ட் பண்ணினா சரியாயிடும்."

அப்பாவின் தலைக்கு மேலே ஜன்னல் திரை காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அதுவும் அந்தப் படத்தில் தெரிந்துதான் இருக்கும். அத்தான் அவரைத் தாண்டிப் போய் அலமாரியைத் திறந்தார். பின்னல் துணியை விலக்கி சுவிட்சை அணைத்தார், மறுபடி போட்டார். இடுப்பில் கை வைத்துக்கொண்டு விளக்கையே பார்த்து நின்றார். அக்காவும் அதைத்தான் பார்த்தாள். சின்னவள் அப்பாவின் கண்களை மூடிவிட்டாள். அவர் கை இன்னும் சூடாக இருந்தது.

"பச்சை வந்துருச்சு" என்றார் அத்தான்.

மறுநாள் வீடு கொள்ளாத கூட்டம். இடம் போதவில்லை என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் இரும்பு அலமாரியைப் பின்பக்கம் தூக்கிப் போனார்கள். உள்ளே இருந்த ரூட்டரை யாரோ எடுத்து, ஒயர் எட்டுகிற தூரத்தில் ஒரு ஸ்டூலின் மேல் வைத்துவிட்டார்கள். அத்தான் வாசலில் நின்று, நேற்று மகன் நேருக்கு நேர் பார்த்துப் பேசியதை வருகிறவர்களுக்கெல்லாம் சொன்னார். "நெட்டு மட்டும் இல்லேன்னா என்ன ஆயிருக்கும்?" கேட்டவர்கள் தலையாட்டினார்கள்.

அப்பாவை எடுத்துப் போய், எல்லாரும் திரும்பி வந்து, அத்தான் சோபாவைப் பழைய இடத்தில் போட்டு அதில் உட்கார்ந்துவிட்ட பிறகு, சின்னவள் அப்பாவின் அறைக்குள் போனாள். யாரும் எதுவும் கேட்காத இடம் இந்த வீட்டில் அது ஒன்றுதான்.

உட்காரக்கூட இல்லை, கையில் இருந்த போன் அடித்தது. அண்ணன். கோடுகள் எல்லாம் நிறைந்திருந்தன. அவள் திரும்பிக் கதவு வழியாக ஹாலைப் பார்த்தாள். ஸ்டூலின் மேல் ரூட்டர் வெறும் உடம்போடு நின்றிருந்தது. விளக்கு பச்சையாக எரிந்தது. சுவர் இருந்த இடத்தில்தான் இருந்தது; இரும்பு அலமாரிதான் இல்லை.

போனை எடுத்தாள்.

"இப்ப எவ்வளவு நல்லா தெரியுது பாரு" என்றான் அண்ணன். மூக்கை உறிஞ்சினான். "எங்க இருக்கே?"

"அப்பா ரூம்ல."

"அங்க சிக்னல் வராதுன்னாரே அத்தான்."

சின்னவள் கட்டில் பக்கம் போனாள். ஜன்னலை முழுசாகத் திறந்துவிட்டாள். பிறகு போனைத் தலையணையில், கேமரா கட்டிலைப் பார்த்திருக்கும்படி சாய்த்து வைத்தாள். கட்டில் மெத்தையில் அப்பா படுத்திருந்த பள்ளம் இன்னும் எழும்பவில்லை.

"ஏய், எங்க போனே? வெறும் கட்டில்தான் தெரியுது."

"தெளிவா தெரியுதாண்ணா?"

"தெளிவாத்தான் தெரியுது. ஆனா..."

"சரி" என்று சொல்லிவிட்டு அவள் வெளியே வந்து கதவைச் சாத்தினாள். உள்ளே அண்ணன் ஏதோ கேட்டுக்கொண்டே இருந்தான். வளைவில் ஒரு பஸ் திணறித் திணறி, மூன்றாவது கியரில் ஏறிக்கொண்டிருந்தது.