இடுக்கியும் இரண்டு ‘டக்’குகளும்

1

இந்தக் கதை ஒரு ‘டக்’ சத்தத்தில் பிறந்தது. சத்தத்தை வைத்தவள் தங்கை, கருவி வடிவமைப்பவள். அதை நம்பி ஏமாந்தவள் அக்கா, அறுவை மருத்துவர். எங்கே தப்பு என்று தங்கைக்குப் பிடிபடவில்லை.

(“அறுவை அரங்கில் மயான அமைதி நிலவிய அந்த…” என்றுதான் தொடங்கினேன். அடித்துவிட்டேன். அவர்கள் இருந்தது பட்டறையில். மேசைமேல் கிடந்தது குடல் அல்ல, தடித்த ரப்பர்ப் பஞ்சு.)

2

கொஞ்சம் விளக்குகிறேன், எனக்கு இதில்தான் ஆசை. குடலை மூடும் ஸ்டேப்ளர், காகித ஸ்டேப்ளரின் ஒன்றுவிட்ட அண்ணன். கைப்பிடியை அமுக்கினால் கம்பிகள் இறங்கி மடங்கும், கடைசியில் ‘டக்’. குடல் தடித்திருந்தால் கை இன்னும் அமுக்கும். அக்காவுக்கு மருத்துவமனையில் ‘இடுக்கி’ என்று பெயர். அவள் பிடியில் கருவியின் அச்சாணி முறிந்து, அதன் தாடை குடலைக் கவ்வியபடி நின்றுவிடும். அதனால் தங்கை உள்ளே ஒரு வில் வைத்தாள். பாரம் மிஞ்சினால் வில் விட்டுக்கொடுக்கும், கைப்பிடி நழுவி மூடும், எதுவும் உடையாது. எச்சரிக்கைக்கு இன்னொரு ‘டக்’.

3

அக்கா அமுக்கினாள். டக்.

“முடிஞ்சுது.”

“எங்க முடிஞ்சுது? ஒரு கம்பிகூட இறங்கலக்கா.”

“டக்குன்னுச்சேடி!”

“அது நிறுத்தச் சொல்ற டக்.”

“ஓஹோ! வயித்தத் தெறந்து வெச்சிட்டு உன் டக்குக்கு நான் அகராதி தேடணுமா?”

“கொஞ்சம் மெதுவா அமுக்கினா…”

“தங்கச்சியாவது மண்ணாங்கட்டியாவது, இத என் அரங்குக்குள்ள விடமாட்டேன். மூடாத குடல மூடியாச்சுன்னு நம்பி நான் தைச்சு அனுப்பிட்டா, அந்த ஆளு கதி?”



4

தங்கை யோசித்தாள். வில்லைக் கடினமாக்கலாமா? மறுபடி அச்சாணி முறியும். சத்தத்தை மாற்றலாமா? அரங்கில் ஏற்கெனவே ஆளுக்கொரு இயந்திரம் கத்திக்கொண்டிருக்கிறது.

அப்போது அவள் மூளையில் மின்னலென… (மின்னலாவது! அக்கா திட்டிக்கொண்டே இருந்தாள், தங்கை அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள், அவ்வளவுதான்.) அந்தக் கை கைப்பிடியை இன்னும் விடவில்லை. வேலை முடிந்தாலும் கைப்பிடி மூடியே நிற்கும், முடியாவிட்டாலும் மூடியே நிற்கும். பாவம், கை என்ன செய்யும்?

5

அக்கா பாராட்டினாளா, வேறு குறை கண்டுபிடித்தாளா என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். (இரண்டாவதைச் சிபாரிசு செய்கிறேன், நான் அவளைப் பார்த்திருக்கிறேன்.) கருவியின் முடிவு மட்டும் என்னுடையது: பாரம் மிஞ்சினால் இனி சத்தம் கிடையாது. கைப்பிடிக்கும் கம்பிகளுக்கும் உள்ள இணைப்பு கழன்று, கைப்பிடி விரல்களைத் தள்ளிக்கொண்டு திறந்துவிடும். வேலை முடிந்தால் மட்டுமே மூடி நிற்கும்.