போடாத கூரைக்கு ஒரு கையெழுத்து

வீடு கட்டக் கடன் கொடுக்கிற பேங்க் மொத்தப் பணத்தையும் கையில் தூக்கிக் கொடுத்துவிடாது. அஸ்திவாரம் முடிந்தால் ஒரு பங்கு, ஜன்னல் மட்டம் வந்தால் ஒரு பங்கு, கூரை போட்டால் ஒரு பங்கு என்று சொட்டு மருந்து மாதிரி விடும். ஒவ்வொரு தடவையும் பேங்க் இன்ஜினீயர் வந்து பார்க்க வேண்டும். புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். பணம் நேராகக் கான்ட்ராக்டர் கணக்குக்குப் போய்விடும். நல்ல ஏற்பாடுதான், ஆட்கள் நல்லவர்களாக இருந்தால்.

இப்படிக் கடன் வாங்கி வீடு கட்டிய ஒரு தையல்காரியின் புருஷன், ஐந்து கட்டத்துக்குமான ஐந்து ஃபாரத்திலும் முதல் நாளே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். அடிக்கடி லீவு கேட்டால் ஆபீஸ் மேனேஜர் முறைப்பாராம். அவள் வேலை முடிந்த பிறகே ஒவ்வொன்றாகப் போட்டாள். பட்டன் வைக்காத சட்டைக்கு அவள் யாரிடமும் கூலி கேட்டதில்லை.

அன்று கான்ட்ராக்டர் மூன்றாவது ஃபாரத்தை நீட்டினான். மேலே பலகை அடித்துக் கம்பி கட்டியிருந்தது, அவ்வளவுதான். ஒரு சட்டி கான்கிரீட்கூட விழவில்லை. ஃபாரத்தில் மட்டும் கூரை போட்டு முடிந்திருந்தது.

"கூரை எங்கப்பா?"

"அதான் கம்பி கட்டியாச்சேக்கா. பணம் வந்த மறுநாளே கொட்டிடுவோம். எல்லா வீட்டுலயும் இப்படித்தான்."

இன்ஜினீயர் காரை விட்டு இறங்கவே இல்லை. கண்ணாடியை இறக்கி, உட்கார்ந்த இடத்திலிருந்தே போனில் ஒரு படம் எடுத்தார். கீழேயிருந்து எடுத்தால் பலகைக்கு மேலே இருப்பது கான்கிரீட்டா காற்றா என்று எந்தப் படத்துக்குத் தெரியும்?

புருஷன் அவள் காதோரம் வந்தார். "போட்டுத் தொலையேன். இந்த மாசத்தோட வாடகை வீட்டைக் காலி பண்ணணும். இவன் கோவிச்சுக்கிட்டுப் போனா நாம எங்க போறது?"

அவளுக்கு மட்டும் பயமில்லையா? இருந்தாலும் கேட்டுவிட்டாள்.

"ஜன்னல் மட்டத்துக்கு வந்த பணத்துலதான கூரை போடணும்? அது எங்க?"

கான்ட்ராக்டர் பல்லைக் காட்டினான். "இன்னொரு சைட்டுல கொஞ்சம் நெருக்கடிக்கா. அந்தப் பக்கம் திருப்பி விட்டேன்."

"அப்ப என் கூரை அங்க யாரோ வீட்டுல நிக்குது."

ஃபாரத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு நேராகக் காரிடம் போனாள். "சார், மேல ஏறிப் பாத்துட்டு எழுதுங்க."

"எனக்கு முட்டி வலிம்மா."

"ஏணிய நான் பிடிச்சுக்கறேன்."

விடுகிற ஆள் இல்லை என்று அவருக்குப் புரிந்துவிட்டது. முனகிக்கொண்டே ஏறினார். கொத்தனாரும் சித்தாளும் கைவேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். இறங்கும்போது அவர் முகம் சுண்டிப்போயிருந்தது. கூரை போடவில்லை என்று தன் கையாலேயே எழுதிவிட்டுப் போனார்.

கார் தெருவைத் தாண்டியதும் கான்ட்ராக்டரின் 'அக்கா' மரியாதை காணாமல் போயிற்று. "நாளையிலேர்ந்து ஒரு ஆள் வரமாட்டான். கூரை இல்லாத வீட்டுல எப்படிக் குடியிருக்கன்னு பாக்கறேன்."

"என் கையெழுத்து இல்லாம உனக்கு எப்படிப் பணம் வருதுன்னு நானும் பாக்கறேன்."

ஆள் வரவில்லை. மாசம் முடிந்தது. சாமான்களைத் தையல் கடைக்குள் அடைத்து, துணி மூட்டைகளுக்கு நடுவே இரண்டு பேரும் படுத்தார்கள். புருஷன் மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அது அவளுக்குக் கூரை இல்லாததைவிட வலித்தது. இருந்தாலும் ஃபாரம் மடித்தபடியே இருந்தது.

பத்தாம் நாள் கான்ட்ராக்டரே கடை வாசலில் வந்து நின்றான். பணத்தை எங்கே புரட்டினானோ, மறுநாள் காலையில் கலவை இயந்திரம் வந்தது. பொழுது சாய்வதற்குள் கூரை முழுக்கக் கொட்டி மட்டம் தட்டிவிட்டார்கள். ஏணியில் ஏறி வந்து பார்த்தவளிடம் வேர்வையைத் துடைத்துக்கொண்டு பேனாவை நீட்டினான்.

"இப்பவாவது போடுங்கக்கா."

அவள் குனிந்து ஓரத்தில் விரலால் அழுத்தினாள். பள்ளம் விழுந்தது. "இன்னும் ஈரமா இருக்கு. நாளைக்கு வா."

"நாளைக்கு பேங்க் லீவுக்கா." அவன் கீழே ஏணியடியில் நின்ற புருஷனை எட்டிப் பார்த்தான். "சார், நீங்களாவது சொல்லுங்க சார்."

புருஷன் ஒருமுறை மேலே பார்த்தார்.

"அப்ப நாளன்னிக்கு வாங்க" என்றார்.