திங்கட்கிழமை வரும் பவானி

2012-ஆம் வருஷம் கரண்ட் படுத்திய பாடு எல்லோருக்கும் தெரியும். மரக்காணம் சாலையிலிருந்த அந்த அரசுப் பள்ளியில் காலை முதல் பாடவேளைக்கு மட்டும் கரண்ட் இருந்தது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் அதற்குள் தங்கள் வகுப்பின் அறிவியல் வலைப்பூவைத் திறந்து பார்த்துவிட வேண்டும். அந்தத் திங்கட்கிழமை திறந்ததுமே ஒரு பெண் வீலென்று கத்தினாள்.

"சார், மறுபடியும் பவானி எழுதிக்கீறா சார்!"

பவானி படிப்பை விட்டு ஒரு மாதம் ஆகிறது. பொம்மையார்பாளையத்தில் அத்தை வீட்டில் இருந்துகொண்டு, ஏதோ ஒரு கெஸ்ட் ஹவுசில் போர்வை துவைக்கிறாள். தை பிறந்தால் அத்தை மகனோடு கல்யாணமாம், பதினைந்து வயசுப் பிள்ளைக்கு! கம்ப்யூட்டருக்கு அங்கே எங்கே போவாள்? ஆனாலும் திங்கள்தோறும் அவள் பெயரில் ஒரு கேள்வி வந்துகொண்டே இருந்தது. மீன் தூங்குமா? அலைக்குக் களைப்பு வராதா? பேய்தான் எழுதுகிறதென்று பயந்து, அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் இப்போது யாரும் உட்காருவதில்லை.

அறிவியல் ஆசிரியர் விருத்தாசலத்துக்குக் காரணம் தெரியும். கரண்ட் இருக்கும்போதே பல வாரத்துக்கு எழுதி, வெளிவர வேண்டிய தேதியையும் குறித்து வைக்கலாம் என்று சொல்லிக் கொடுத்தவரே அவர்தான். மற்றவர்கள் அரட்டையடித்த நேரத்தில் பவானி எழுதி வைத்திருக்கிறாள். காரணம் தெரிந்தும் என்ன? அவள் படிப்பு நின்றதே அவரால்தான். அவள் போட்டோவை யாரையும் கேட்காமல் வலைப்பூவில் போட்டவரும் அவர்தானே! திண்டிவனத்தில் எவனோ அதைப் பார்த்துவிட்டு, மீன் ஏலம் நடக்கும் இடத்தில், "உன் பொண்ணு நெட்ல பல்லைக் காட்டிக்கினு கீறாளே" என்று அவள் அப்பா ராஜவேலுவிடம் சொல்லிவிட்டான். மானம் போனதென்று அவர் மறுநாளே மகளைப் பஸ் ஏற்றிவிட்டார். சார் சத்தமில்லாமல் போட்டோவை நீக்கிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டார். படித்த மனுஷன் செய்கிற வேலையா இது?

அன்றைய கேள்வியைப் படித்தபின் அவரால் சும்மா இருக்க முடியவில்லை. சாயங்காலமே லேப்டாப்போடு மீனவர் குப்பத்துக்குப் போனார். ராஜவேலு வலை பின்னிக்கொண்டிருந்தார்.

"இன்னா சார், மறுபடி போட்டோ புடிக்க வந்தீங்களா?"

"போட்டோ போட்டது என் தப்புங்க. உங்க பொண்ணு எழுதியிருக்கறத மட்டும் கேளுங்க."

சார் படித்தார். "கரை தெரியாத இருட்டில் எங்கப்பா வழி தவறாமல் எப்படி வீட்டுக்கு வருகிறார்? அப்பாவிடமே கேட்டு அடுத்த திங்கள் எழுதுகிறேன். பவானி."

ராஜவேலுவின் கை நின்றது. "எப்போ எழுதுனா?"

"ஊருக்குப் போறதுக்கு முன்னாடிங்க. இதான் கடைசி. அடுத்த திங்களுக்கு ஒண்ணுமே இல்ல."

உள்ளேயிருந்து அவர் மனைவி தனம் ஓடிவந்தாள். "ஐயோ, செத்தவ பேசற மாதிரி கீதே! உசுரோட கீற புள்ளைய இப்படிப் பண்ணிட்டியேய்யா!"

ராஜவேலு வலையைக் கீழே வைத்தார். சட்டையை மாட்டிக்கொண்டு புதுச்சேரி பஸ்ஸைப் பிடிக்க நடந்தார். பொம்மையார்பாளையத்தில் அக்காவிடம் கல்யாணம் வேண்டாமென்று சொல்லி, மகளைக் கூட்டிக்கொண்டுதான் திரும்பினார்.

அடுத்த திங்கட்கிழமை பவானி தன் இடத்தில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்துப் பெண் அவள் கையை மெல்லக் கிள்ளிப் பார்த்தாள். மகளின் கேள்விக்கு விடை சொல்ல வந்த ராஜவேலு வாசலிலேயே கூச்சத்தோடு நின்றார்.

"மன்னிச்சுக்கம்மா, அப்பாவைக் கேக்காம போட்டோ போட்டுட்டேன்" என்றார் சார்.

பவானி எழுந்து இருவரையும் பார்த்தாள்.

"அப்பாவை இல்ல சார், நீங்க என்னைத்தான் கேக்கல. படிப்ப நிறுத்துனப்போ அப்பாவும் என்னைக் கேக்கல. ஒரு பொண்ணப் பத்தி எது முடிவு பண்ணாலும் மொதல்ல அவளைக் கேளுங்க. இல்லன்னா உசுரோட இருக்கறப்பவே நாங்க பேய்தான்."