கண்ணாடி அறைச் சீனாக்காரன்

வாணலியை உதறிச் சோற்றை மேலே தூக்கியபோதுதான் ஜப்பான் தன் மகளைப் பார்த்தான். பள்ளிச் சீருடையோடு, மூன்று தோழிகளை இழுத்துக்கொண்டு, கடைக் கதவைத் தள்ளி உள்ளே வந்துகொண்டிருந்தாள். மேலே போன சோற்றில் பாதி அடுப்பில் விழுந்தது.

ஜப்பான் என்பது சின்ன வயதில் ஒட்டிக்கொண்ட பட்டப்பெயர். சின்னக் கண்ணும் சப்பை மூக்குமாகப் பிறந்தவனை வேறெப்படிக் கூப்பிடுவார்கள்! தெருப் பையன்கள் அவனை ஜப்பான்காரனாக்கினார்கள் என்றால், ஊருக்கு ஊர் கிளை வைத்திருந்த இந்தச் சீன உணவகக் கம்பெனி அவனைச் சீனாக்காரனாக்கி, சிவப்புச் சட்டையும் நீளத் தொப்பியும் மாட்டி, வாசலை ஒட்டிய கண்ணாடி அறைக்குள் நிறுத்திவிட்டது. அவனுக்குச் சமைக்கத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை. உண்மையான சாப்பாடெல்லாம் தொழிற்சாலையிலிருந்து பாக்கெட்டில் உறைந்து வரும். பின்கட்டில் சூடுபண்ணித் தட்டில் கொட்டுவார்கள். காலையில் வாணலியில் போட்ட சோற்றையே கடை சாத்தும்வரை தூக்கித் தூக்கிப் போடுவதுதான் அவன் வேலை. மதியத்துக்கு மேல் அதை நாய்கூட மோந்து பார்க்காது. வெளியே நிற்பவர்கள் மட்டும், அசல் சீனச் சமையல் என்றால் இதுதான் என்று சப்புக்கொட்டுவார்கள்.

ஒரே நிபந்தனை, வாடிக்கையாளர் காதுபட வாயைத் திறக்கக்கூடாது. இவனுக்கு முன்னால் அங்கே நின்றவன், தெரிந்த ஒருவரைப் பார்த்து வாய்தவறி "சாப்டாச்சாண்ணே?" என்று கேட்டுவிட்டு அன்றைக்கே வீட்டுக்குப் போனான். வேலை தேடி அலைந்து செருப்புத் தேய்ந்த ஜப்பானுக்கு அது பெரிய கஷ்டமாகத் தெரியவில்லை. இந்த மூஞ்சிக்கும் சம்பளம் தருகிறார்களே என்று மனைவியிடம் சொல்லிச் சிரித்தான். மகளிடம் சொல்ல மட்டும் நா எழவில்லை. அப்பாதான் அந்தக் கடையின் தலைமைச் சமையல்காரர் என்று அவளாக முடிவுகட்டிக்கொண்டாள். அவன் திருத்தவில்லை, கடைப்பக்கம் வராதே என்று சொல்லிவைத்ததோடு சரி.

இப்போது அவள் கண்ணாடியை ஒட்டி வந்து நின்றாள்.

"அப்பா, இவளுங்கல்லாம் நான் பொய் சொல்றேங்கறாளுங்க. நீயே சொல்லுப்பா."

மேனேஜர் சிரித்தபடியே ஓடிவந்தார். "யாரும்மா அப்பா? மாஸ்டர் சீனாலேர்ந்து வந்திருக்காரு. நாம பேசறது அவருக்குப் புரியாது." சொல்லிவிட்டு அவனையே பார்த்தார். பக்கத்து மேசைக்காரர்களும் திரும்பிப் பார்த்தார்கள்.

"அதான பாத்தேன். மூஞ்சியப் பாத்தாலே தெரியலையா? நல்லா ரீல் விட்டிருக்கா" என்றாள் தோழிகளில் ஒருத்தி.

மகள் அம்மா ஜாடை. அந்தப் பெரிய கண்கள் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தன. ஒரு வார்த்தை போதும். பாப்பா என்று சொன்னால் போதும். அந்த வார்த்தை வாய்வரை வந்தது. கூடவே, வேலையில்லாமல் அவன் வீட்டில் கிடந்த நாட்களும், மனைவி பேச்சைக் குறைத்துக்கொண்டதும் வந்தன. ஜப்பான் கரண்டியை வைத்தான். சொல்லிக்கொடுத்திருந்தபடியே பல் தெரியச் சிரித்து, இடுப்பை வளைத்துக் குனிந்தான். அப்படியே நிமிராமல் இருந்துவிட்டால் தேவலை என்றிருந்தது. தன்மேல் அவ்வளவு அருவருப்பு அவனுக்கு அதுவரை வந்ததில்லை.

நிமிர்ந்தபோது அவள் அழவில்லை. அவளுக்குப் புரிந்ததா இல்லையா என்றும் தெரியவில்லை.

"சும்மா சொன்னேன்டி" என்றாள் தோழிகளிடம்.

அவர்களுக்கு அது போதுமான வேடிக்கையாக இருந்தது. மாஸ்டரோடு ஒரு போட்டோ வேண்டும் என்றார்கள். மேனேஜரே அவனை வெளியே அழைத்து நடுவில் நிறுத்தி, போனை வாங்கிப் படம் எடுத்துக்கொடுத்தார். மகள் கடைசி ஆளாக ஓரத்தில் நின்றாள். எடுத்து முடித்ததும் ஒவ்வொருத்தியாக அவனுக்கு நன்றி சொல்லிவிட்டு நகர்ந்தார்கள்.

அவள் முறை வந்தது. நேராக அவன் முகத்தைப் பார்த்து, பாஷை தெரியாதவனுக்குச் சொல்வது போல வாயை அகலத் திறந்து, ஒவ்வொரு வார்த்தையாகப் பிரித்துச் சொன்னாள்.

"தேங்க்... யூ... மாஸ்டர்."