கட்டவுட்டோட முட்டி

எங்க காலேஜில என்னவிட என் கட்டவுட்டுக்குத்தான் மரியாதை ஜாஸ்தி. வயித்தெரிச்சல்லதான் சொல்றேன், மறைக்க இன்னா கீது? செங்கல்பட்டுலருந்து மாமல்லபுரம் போற ரோட்டுல, காலேஜ் கேட்டாண்ட, பனமரம் ஒசரத்துக்கு பிளைவுட்டுல நான் நின்னுகினு இருப்பேன். இடது கால மடக்கித் தூக்கிகினு, கபடி பாடிகினு போற மாதிரி. கீழ, 'சாதனை மாணவி விஜயகுமாரி. சேர்க்கை நடைபெறுகிறது'. வேடந்தாங்கலுக்குப் போற கொக்குங்க வழியில என் தலமேல எறங்கி வேலைய முடிச்சிட்டுப் போவும். ஒடனே பெயிண்டரு ஏணியோட வந்து என் மூஞ்சியத் தொடச்சி வுடுவாரு. மழைக்கு தார்ப்பாய், காவலுக்கு வாட்ச்மேன். எனக்கு ஒரு அவிச்ச முட்டை, அதுவும் மேட்ச் அன்னிக்கி மட்டும்.

நான் கடப்பாக்கம். நைனா கடலுக்குப் போறவரு. பீஸ் இல்லாம பி.காம் சீட்டு தரோம், எங்களுக்கு ஆடுன்னு காலேஜில கூட்டியாந்தாங்க. ஆடினேன். ரெண்டாயிரத்து ஒண்ணுல, மதுராந்தகத்துல ஒரு மேட்ச்சு. எதிர் டீமு மொத்தமும் என் மேல வுழுந்ததுல வலது முட்டி 'டக்'குனுச்சி. ஜவ்வு கிழிஞ்சிடுச்சி, மெட்ராஸ்ல ஆபரேஷன் பண்ணாதான் இனிமே ஓட முடியும்னுட்டாரு டாக்டரு. எனக்குத் தெரிஞ்சது ஓட்டம் ஒண்ணுதான். அதுவும் இல்லன்னா நான் இன்னா பண்றது?

காலேஜ் தாளாளர் ராமானுஜம் சார்கிட்ட நொண்டிகினே போனேன். மனுசன் கெட்டவரு இல்ல, காபியெல்லாம் குடுத்தாரு.

"விளையாட்டுங்கிறது ஒரு தவம்மா. அதுக்குக் காசு குடுத்தா புனிதம் கெட்டுடும்"னாரு.

"எனக்கு வேணாம் சார், டாக்டருக்குக் குடுங்க."

"அவருக்குக் குடுத்தாலும் உன் முட்டிக்குத்தானே போகுது?"

நான் காபி டம்ளர கீழ வெக்கறதுக்குள்ள வாட்ச்மேன் ஓடியாந்தாரு. "சார், காத்துல விஜயகுமாரி முட்டி பிச்சிக்கிச்சி!"

சாரு பதறிப்போயி எழுந்து நின்னாரு. நானும் ஒரு நிமிசம் எனக்குத்தான்னு நெனச்சிட்டேன். கார்பெண்டருக்கு ஜீப்பு அனுப்பி, நல்ல பிளைவுட்டா வாங்கி, சாயந்திரத்துக்குள்ள அவளுக்குப் புது முட்டி வெச்சிட்டாங்க. நான் பஸ் ஸ்டாப்புல ஒக்காந்து பாத்துகினு இருந்தேன்.

அட்மிஷன் நேரத்துல அடிச்ச சூறக்காத்து கட்டவுட்ட மொத்தமா சாச்சிடுச்சி. புதுசு வர நாளாவும். பிள்ளைங்களச் சேக்க வர்ற பெத்தவங்க பாக்கறதுக்கு ஒண்ணும் இல்ல. கணக்கு ஆபீசு காசிநாதன் சார் என்னத் தேடிகினு ஹாஸ்டலுக்கே வந்தாரு.

"புதுசு வர்ற வரைக்கும் நீயே ஏறி நில்லேம்மா."

"இன்னா குடுப்பீங்க?"

"உனக்குக் குடுக்க கணக்குல தலைப்பு இல்ல. கட்டவுட்டுக்கு இருக்கு. விளம்பரம், பராமரிப்பு."

நானும் பி.காம்தானே. "அப்ப என்ன கட்டவுட்டுன்னு எழுதிக்கங்க"ன்னேன். அவரு மோவாயச் சொறிஞ்சிகினு யோசிச்சிட்டு, எழுதலாம்னாரு.

கட்டவுட்டு இருந்த எடத்துல ஆளு ஒசரத்துக்கு ஒரு மேடை போட்டாங்க, ஏறி நின்னேன். தூக்கின காலு இடது, ஊனின காலு வலது. என் நேரம். கல்பாக்கத்துலருந்து ஸ்கூட்டர்ல வந்த ஒரு அம்மா, "எவ்ளோ தத்ரூபமா வரைஞ்சிருக்காங்க பாருங்க, வேர்க்கிறதுகூடத் தெரியுது"ன்னு வூட்டுக்காரர்கிட்ட சொன்னாங்க. ஒரு கொக்கு வந்து தலையில ஒக்காந்துச்சி. வெரட்டப் போனா, கட்டவுட்டு கைய ஆட்டக் கூடாதுன்னு காசிநாதன் சார் கீழருந்து ஜாடை காட்டறாரு.

ரெண்டு நாளு தாங்கிச்சி. அப்புறம் முட்டி மடங்கி, மேலருந்து மண்ணுல வந்து வுழுந்தேன். "கட்டவுட்டு சாஞ்சிடுச்சி"ன்னு வாட்ச்மேன் கத்தினாரு. அப்பதான் காசிநாதன் சாருக்கு வழி தெரிஞ்சிச்சி. 'கட்டவுட்டு முட்டி பழுது நீக்கம், மெட்ராஸ்'னு எழுதி நீட்டினாரு. ராமானுஜம் சாரு கண்ண மூடிகினு கையெழுத்துப் போட்டாரு, விளம்பரத்துல குறை வெக்கக் கூடாதாம். பிளைவுட்டுக்கு எதுக்கு மயக்க மருந்துன்னு அப்பறமா ஆடிட்டரு கேட்டிருக்காரு. ஆணி அடிக்கும்போது ஆடுது சார்னு காசிநாதன் சாரு சொல்லிச் சமாளிச்சிட்டாராம்.

முட்டி தேறிச்சி. ஆலம்பரைக் கோட்டையாண்ட மணல்ல மறுபடி மொத மொத ஓடுன அன்னிக்கி நான் அழுதுட்டேன். ஆனா என் கூட ஆடுன ரெபேக்காளுக்குத் தோள்பட்டை எறங்கிப் போச்சி. அவளுக்கு மூட்டையக் கட்டி வூட்டுக்கு அனுப்பிட்டாங்க. அவளுக்குத்தான் கட்டவுட்டு இல்லியே.

அதுல எனக்கு ஏறின கோவம் எறங்கவே இல்ல. காலேஜுங்களோட கபடி பைனலுக்கு மொத நாளு ராமானுஜம் சார்கிட்ட போனேன். "ஆடுற பொண்ணுங்களுக்கு அடிபட்டா காலேஜ் பாத்துக்கும்னு ஒரு வரி எழுதிக் குடுங்க சார். ரெபேக்காளுக்கும் சேத்து."

"புனிதம்னு ஒண்ணு இருக்கேம்மா..."

"அப்ப உங்க கணக்குல நான் கட்டவுட்டு. கட்டவுட்டு ஓடாது சார், நிக்கும்."

அவரு சிரிச்சாரு. "நில்லும்மா, பாக்கலாம்."

நின்னேன். பைனல்ல, ஊரே பாக்குற எடத்துல, எங்க பக்கத்து மூலையில இடது கால மடக்கித் தூக்கிகினு, கண்ணக்கூட இமைக்காம நின்னேன். எங்க பொண்ணுங்க ஒவ்வொருத்தியா அவுட்டாவறாங்க. ஒருத்தி போவும்போது, "அக்கா, ப்ளீஸ்க்கா"ன்னா. நான் பல்லக் கடிச்சிகினு நின்னேன். ராமானுஜம் சாரு மொத வரிசையில ஒக்காந்து சோடா குடிச்சிகினு என் மூஞ்சியப் பாக்கல, என் காலையே பாத்துகினு இருந்தாரு.

எதிர் டீமு பொண்ணு ஒருத்தி பாடிகினு உள்ள வந்தா. நான் பொம்மன்னு நெனச்சி என் கிட்டயே வந்து திரும்பினா. அவ கணுக்காலு என் கையெட்டுற தூரத்துல. வேணாம் விஜயா, ரெபேக்காள நெனச்சிக்கன்னு மனசு சொல்லிகினு இருக்கும்போதே என் காலு எறங்கிடுச்சி. பாஞ்சி புடிச்சிட்டேன். சனம் எழுந்து நின்னு விசிலடிக்குது. நான் அந்தக் கணுக்கால வுடாம, மண்ணுல மூஞ்சியப் பொதச்சிகினு அழுவறேன். என் காலு நிக்காதுன்னு சோடா குடிச்ச அந்த ஆளுக்கு முன்னியே தெரிஞ்சிருக்கு. கப்பு எங்களுக்குத்தான், நான் கேட்ட அந்த ஒரு வரிதான் வரல.

அடுத்த வாரமே கேட்டாண்ட புதுக் கட்டவுட்டு வெச்சிட்டாங்க. கணுக்காலப் புடிச்சிகினு நான். போட்டோவுல அழுதுகினு இருந்த மூஞ்சிய, பெயிண்டரு சிரிக்கிற மாதிரி மாத்திட்டாரு. முட்டிக்கு மட்டும் இந்த வாட்டி பின்னால ரெண்டு மரச்சட்டம் சேத்து அடிச்சிருக்காங்க.