ஒன்பதாம் வரி

சட்டை தைக்கும் கம்பெனியில் நான் செக்கர். தைத்து வரும் சட்டையை விரித்துப் போட்டு, தையல் விட்ட இடத்தில் ஸ்டிக்கர் ஒட்டித் திருப்பி அனுப்புவது என் வேலை. சூப்பர்வைசருக்கு என்னைக் கண்டாலே ஆகாது. கண்ணை மூடிக்கொண்டு பாஸ் போடத் தெரியாத செக்கரை எந்த சூப்பர்வைசருக்குப் பிடிக்கும்?

இணையத்தில் சங்கேதப் புதிர் விடுவிக்கும் கூட்டத்தில் எனக்குப் பெயர் பிசிறு. எங்கள் அணியில் நாலு பேர்: தச்சு வேலை பார்க்கும் மரங்கொத்தி, ஓய்வுபெற்ற நர்ஸம்மா, பஸ் கண்டக்டர், நான். மூன்று வருஷமாகத் தினமும் பேசுகிறோம், ஆனால் ஒருவர் முகத்தை ஒருவர் நேரில் பார்த்ததில்லை. ஆளுக்கொரு ஊர், லீவு போட்டால் சம்பளம் போய்விடும். இறுதிப் போட்டிக்குத் தேர்வானால் அதை நடத்துபவரே டிக்கெட் எடுத்து, இரண்டு நாள் ஓரிடத்தில் தங்கவைப்பார். கோப்பை யாருக்கு வேண்டும்? அந்த மூன்று பேரோடு ஒரே மேசையில் உட்கார வேண்டும் என்பதுதான் என் ஆசை. நர்ஸம்மா அந்தப் பயணத்துக்கென்று புதுச் செருப்பே வாங்கிவிட்டார்.

அரையிறுதிப் புதிருக்கு ஒன்பது வரி. முதல் வரியின் எழுத்துகளை ஓர் இடம் பின்னால் நகர்த்தினால் வாக்கியம் கிடைக்கும். இரண்டாம் வரிக்கு இரண்டு இடம், மூன்றாம் வரிக்கு மூன்று. ஒன்பதாவதில் வெறும் ஆறு இலக்கங்கள்; அவற்றை ஒன்பது இடம் நகர்த்தினால் வருவதுதான் விடை. சொல்லும்போது சுலபம். கண்டுபிடிக்க எங்களுக்கு இரண்டு வாரம் பிடித்தது. ஒரே ஒரு தடவைதான் அனுப்பலாம் என்பதால் நாலு பேரும் தனித்தனியே சரிபார்த்து, 306275 என்று அனுப்பினோம்.

தவறு என்று வந்தது. சரியான விடை 417386 என்று அறிவித்தார்கள். பதினேழு அணிகளில் பதினோரு அணிகள் அதைச் சரியாகச் சொல்லியிருந்தனவாம்.

கண்டக்டர்தான் இரண்டு எண்களையும் ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதிக் காட்டினார். ஒவ்வொரு இலக்கத்திலும் சரியாக ஒன்று வித்தியாசம். ஒன்பதாம் வரியை எழுதும்போது அதை ஒன்பது இடம் தள்ளாமல் எட்டு இடமே தள்ளியிருக்கிறார் நடத்துபவர். முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு பற்றிக்கொண்டு வந்தது. புதிரின் விதிப்படி போனால் யாரும் அந்த எண்ணுக்குப் போய்ச் சேர முடியாது. ஒருவர் தடுக்கி விழலாம். பதினோரு அணிகளும் ஒரே கல்லில் தடுக்கி, ஒரே இடத்தில் விழுமா? விடையை யாரோ கையில் கொடுத்திருக்கிறார்கள்.

எழுதிக் கேட்டேன். மறுநாள் சாப்பாட்டு இடைவேளையில் நடத்துபவரே போன் செய்தார். குரலில் தேன் ஒழுகியது.

"நீங்க சொல்றது சரிதாம்மா. அந்த வரியில நான்தான் கோட்டை விட்டுட்டேன். ஆனா முடிவு வெளிய போயிடுச்சே. இன்னைக்கு சாயங்காலம் ஆறுல இருந்து ஏழு வரைக்கும் உங்க அணிக்கு மட்டும் விடை போடற பெட்டியைத் திறந்து வைக்கிறேன். அறிவிச்ச எண்ணைப் போடுங்க. நீங்களும் உள்ள வந்துடலாம்."

"அந்தப் பதினோரு அணியும் எப்படி அந்த எண்ணுக்கு வந்தாங்க?"

"அதை இதோட விட்டுடுங்க. நான் கேக்கறது அவ்வளவுதான்."

வேலை முடிந்து வந்ததும் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். ஊரோடு ஒத்து வாழ் என்றார். ஊரே தப்பாக எண்ணினால் நானும் விரலை மடக்க வேண்டுமா என்று கேட்டதற்கு, உன்னோடு பேசி ஜெயிக்க முடியாது என்று டீயை எடுத்துக்கொண்டு எழுந்து போனார்.

அணியிடம் சொல்லத்தான் பயமாக இருந்தது. என் வீம்புக்காக அவர்கள் ஆசையில் மண்ணைப் போட எனக்கு என்ன உரிமை? நடந்ததை அப்படியே எழுதி, நீங்கள் சொல்கிறபடி செய்கிறேன் என்றேன். மரங்கொத்தி, ஒன்பது ஒன்பதுதான் என்று எழுதினான். டிக்கெட் இல்லாமல் ஏறியவர்களை நடுவழியில் இறக்கிவிடுவதுதான் தன் பிழைப்பு, தானே அப்படி ஏறினால் வேலைக்கு மரியாதை இல்லை என்றார் கண்டக்டர். நர்ஸம்மா மட்டும் குரல் செய்தி அனுப்பினார்.

"உங்க மூணு பேரையும் பார்க்கணும்னு எனக்கு எவ்வளவு ஆசைன்னு உங்களுக்கே தெரியும். ஆனா பார்க்கிறப்போ தலையைக் குனிஞ்சுக்கிட்டு உக்கார முடியாது கண்ணு. நம்ம எண்ணையே போடு."

அழுதுவிட்டேன். முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன்.

ஆறு மணிக்குப் பெட்டி திறந்தது. 306275 என்று அடித்து அனுப்பினேன். சிவப்பில் தவறு என்று வந்தது. மூன்று வருஷத்தில் எந்தப் பச்சையும் அவ்வளவு நிம்மதியைத் தந்ததில்லை.

அதன்பின் பதினேழு அணிகளும் பார்க்கும் பொதுப் பலகையில் எங்கள் கணக்கை வரி வரியாகப் போட்டு, கீழே ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: விதிப்படி போய் 417386 வரை வந்தவர்கள் வழியைக் காட்டுங்கள். பத்து நிமிஷத்தில் நடத்துபவர் அதை அழித்தார். மறுபடி போட்டேன். மறுபடி அழித்தார். என் பயனர் கணக்கை முடக்கியதும் கண்டக்டர் போட்டார், அவரை முடக்கியதும் மரங்கொத்தி.

இன்று காலை நர்ஸம்மாவின் முறை.